கோழி ஒடுங்கி நின்றால் என்ன பார்க்க வேண்டும்?



நெல்லையும் நிலக்கடலையையும் பற்றிப் பேசுகிற ஆள் இன்றைக்குக் கோழியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கலாம். நான் படித்தது பயிர் விஞ்ஞானம். கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால் கிராமத்துக்குப் போகிற விரிவாக்க அலுவலரிடம் பயிரைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள் என்று யாராவது சொன்னால், அவர் கிராமத்துக்கே போகாதவர் என்று அர்த்தம். வயலில் குருத்துப்பூச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், திண்ணையில் அந்த வீட்டு அம்மா ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சார், இத்தையும் கொஞ்சம் பாருங்க. நேத்து நல்லாத்தான் மேஞ்சிக்கினு இருந்திச்சி" என்பார்.

நாலு கோழி, ஒரு சேவல் என்பது நமக்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் நெல் விற்ற பணம் வீட்டுக்காரர் கைக்குப் போகும். முட்டை விற்ற பணமும் சேவல் விற்ற பணமும்தான் அந்த அம்மாவின் சிறுவாடு. பிள்ளைக்கு நோட்டு வாங்குவது, திடீரென்று காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவது எல்லாம் அதிலேதான். ஒரு வாரத்தில் பத்துக் கோழி செத்தால் அந்த வீட்டில் ஒரு வருஷச் சேமிப்பு போயிற்று.

நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன். 2018-ஆம் ஆண்டு பங்குனி மாதம். அப்போது நம் பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தோடு இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்குத் தென்னங்கன்று விஷயமாகப் போயிருந்தேன். வயதான ஒரு ஆயா ஓடிவந்து கூப்பிட்டார். புறக்கடையில் ஒன்பது கோழிகள். எல்லாம் ஒடுங்கி நிற்கின்றன. தண்ணீர் தண்ணீராகக் கழிச்சல். இரண்டு கோழிகள் காலை மடக்கிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தன. மூன்று குஞ்சுகள் அதற்குள் செத்திருந்தன.

பங்குனி வெயில், கழிச்சல், கால் வாதம். பார்த்ததும் எனக்கு வெள்ளைக்கழிச்சல் என்று தோன்றிவிட்டது. "ஆயா, இதுக்கு மருந்து கிடையாது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி குடுத்துப் பாருங்க, பிழைக்கிறது பிழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, குப்பம் முழுக்கச் சீக்கு பரவப்போகிறது என்று எல்லோரையும் பயமுறுத்திவிட்டும் வந்தேன். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு கோழி போய்விட்டது.

மறுநாள் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கோழியைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஆயா, கருவாட்டுத் தண்ணிய எங்க ஊத்தினீங்க?"

கருவாடு போடுகிறவர்களுக்குத் தெரியும். மீனை உப்பில் ஊறவைத்த தொட்டியைக் கழுவினால் அடியில் உப்பும் செதிலும் குடலுமாக ஒரு மண்டி நிற்கும். ஆயா முந்தின நாள் சாயங்காலம் அதைப் புறக்கடையில் கொட்டியிருந்தார். மீன் வாசனைக்குக் கோழிகள் அதைக் கிளறித் தின்றுவிட்டன. அது சீக்கே அல்ல, உப்பு விஷம். உப்பு தின்ற கோழிக்கு நான் மேலும் உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்! மிச்சம் இருந்த ஐந்தில் மூன்று பிழைத்தன. உப்பில்லாத நல்ல தண்ணீரை, ஒரேயடியாக வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு வைத்ததில் பிழைத்தவை அவை.

நான் கவனிக்கத் தவறியது என்ன? ஒன்று, எல்லாக் கோழியும் ஒரே காலையில் விழுந்தது. தொற்றுச்சீக்கு என்றால் இன்றைக்கு ஒன்று, நாளை மறுநாள் இரண்டு என்றுதான் பெரும்பாலும் வரும். ஒரே நேரத்தில் எல்லாம் விழுந்தால், எதையோ தின்றிருக்கின்றன என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது, நிற்க முடிந்த கோழிகளெல்லாம் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றியே இருந்தன. குடிக்கின்றன, குடிக்கின்றன, அலகிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. மூன்றாவது, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஜோராக மேய்ந்துகொண்டிருந்தன. இந்த மூன்றையும் என் கண் பார்த்தது. ஆனால் நான் கேட்கவில்லை. நேற்று என்ன தின்றது, புதிதாக என்ன வந்தது, பக்கத்து வீட்டில் எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை இப்போது நான் எந்தக் கோழியைப் பார்த்தாலும் முதலில் கேட்டுவிடுகிறேன். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் இருப்பவர்கள் கருவாட்டு மண்டியைக் குழி தோண்டிப் புதையுங்கள்.

இனி கோழியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை தவம் செய்வதுபோல் நடித்துக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். கோழியும் ஒரு நடிப்புக்காரிதான், ஆனால் வேறு விதம். உடம்பு சரியில்லை என்று காட்டிக்கொண்டால் மற்ற கோழி கொத்தும், காக்கையும் பருந்தும் குறிவைக்கும். அதனால் முடிந்தவரை நன்றாக இருப்பதுபோலவே காட்டிக்கொள்ளும். நாம் கிட்டே போனால் தலையைத் தூக்கி நிற்கும். ஆகையால் தூரத்தில் நின்று, அதற்குத் தெரியாமல் பாருங்கள். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது கடைசியாக வருவது யார், தானியம் போட்டால் ஓடிவராதது யார், உச்சி வெயிலிலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பது யார் என்று பாருங்கள். அதைப் பிடித்துத் தனியே வையுங்கள். சீக்கின் பெயர் அப்புறம் தெரியட்டும், பிரிப்பதை அன்றைக்கே செய்துவிட வேண்டும்.

பிடித்த கோழியை மடியில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். உடம்பு சுடுகிறது, காய்ச்சல் என்று பலர் சொல்வார்கள். கோழிக்கு இயற்கையாகவே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு உண்டு. நமக்கு 37 டிகிரிதான். அதனால் நல்ல கோழியும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் சீக்கு புதிது. எலும்பு கத்திபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கோழி பல நாளாகவே மெலிந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் குடல்புழு, அல்லது தீனி போதவில்லை. கொண்டை வெளுத்திருந்தால் புழுவோ பேனோ இரத்தத்தைக் குடிக்கிறது. கொண்டை கருநீலமாக இருந்தால் விஷயம் பெரிது, உடனே மருத்துவரிடம் போகவேண்டியதுதான்.

அடுத்தது தீனிப்பை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு வலப்பக்கம் கைக்கு அகப்படும். சாயங்காலம் நிறைந்திருக்க வேண்டும், விடிகாலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லுப்போல் கெட்டியாக இருந்தால் அடைப்பு. நீளமான வைக்கோல், நார், குப்பங்களில் நைலான் வலை நூல் என்று எதையாவது விழுங்கியிருக்கும். நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, வெளியே இருந்து மெதுவாகப் பிசைந்துவிடலாம். நூல் வாயில் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே அறுத்துவிடும். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள்.

எச்சத்தைப் பார்ப்பதற்கு யாரும் கூச்சப்படக் கூடாது. கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது. எச்சத்தின் மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு வைத்ததுபோல் இருக்கிறதே, அதுதான் மூத்திரம். கறுப்பு அல்லது பச்சைத் திரளும் மேலே வெள்ளைத் தொப்பியும் இருந்தால் அது நல்ல எச்சம். வெள்ளையைப் பார்த்தவுடனே வெள்ளைக்கழிச்சல் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, தினம் ஒன்றிரண்டு தடவை பழுப்பாக, கூழாக, நாற்றத்தோடு போடும். அதுவும் இயல்புதான். அடைகாக்கிற கோழி எழுந்துவந்து பெரிதாகப் போடும், அதற்கும் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது தண்ணீர்போல் பச்சையும் வெள்ளையுமாகப் போனாலும், இரத்தம் கலந்து போனாலும்தான்.

இரத்தம் என்றால், அதுவும் மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரையுள்ள குஞ்சுகளில் என்றால், அது இரத்தக்கழிச்சல். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமாக இருக்கும்போது அதிகம் வரும். ஈர மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குஞ்சின் குடலைத் தாக்குகிறது. இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் குஞ்சு பிழைக்கும். ஆனால் தரையைக் காயவைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்தால் காசுக்குக் கேடு. உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்ததை அள்ளி எறிந்து, தண்ணீர்ச் சட்டியை ஒரு கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

இப்போது வெள்ளைக்கழிச்சலுக்கு வருகிறேன். நம் புறக்கடைக் கோழிகளைக் கூட்டத்தோடு கொண்டுபோகிற சீக்கு இதுதான். இதற்கு இராணிக்கேட் நோய் என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டு நம்ம இராணிப்பேட்டையிலிருந்து வந்த சீக்கா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இல்லை. இராணிக்கேட் என்பது வடக்கே இமயமலைப் பக்கம் குமாவோன் மலையில் உள்ள ஊர். 1920-களின் கடைசியில் அங்கே இந்தச் சீக்கு வந்ததைக் கண்டு எழுதியதால் நம் நாட்டில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் வந்ததால் வெளிநாட்டார் அதை நியூகாசில் நோய் என்பார்கள். நம் இராணிப்பேட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் அது நல்ல சம்பந்தம். 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது. இந்தச் சீக்குக்கான தடுப்பு மருந்தும் அங்கே தயாராகிறது.

இந்தச் சீக்கு எப்படி இருக்கும் என்றால், கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கரகரவென்று சத்தம் வரும், இறக்கை தொங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும், சிலது கால் இழுத்துக்கொண்டு கிடக்கும். முட்டை தோல்முட்டையாக வரும். இன்றைக்கு ஒன்று, இரண்டு நாள் கழித்து மூன்று, அப்புறம் பக்கத்து வீடு.

திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நான் பார்த்தது அப்படித்தான். பண்டிகைக்காகச் சந்தையில் ஒரு சேவல் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்திருக்கிறார்கள். நேரே மற்ற கோழிகளோடு விட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாள் முதல் கோழி ஒடுங்கிற்று. அதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர், தன் கோழிக்கும் வருவதற்குள் விற்றுவிடலாம் என்று அவசரமாக அதே சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார். சந்தையில் அந்த மலிவுச் சேவல் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? யாரோ ஒருவர் இதே மாதிரி அவசரப்பட்டு விற்றதுதான். நஷ்டத்தைத் தள்ளிவிட்டோம் என்று நினைத்தவருடைய வீட்டுக்கே அடுத்த மாதம் திரும்பி வரும். சீக்கு வந்த ஊரிலிருந்து கோழியை வெளியே அனுப்பக் கூடாது, சீக்குக் கோழியை அறுத்துப் பங்கு போடவும் கூடாது. இறகும் குடலும் தெருவில் கிடந்தால் நாயும் காக்கையும் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். செத்ததை ஏரியிலோ கடலிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

இந்தச் சீக்குக்கு மருந்து இல்லை. இது வைரஸ். பெட்டிக்கடையில் கேட்டு வாங்கிவரும் மனிதர் மாத்திரை எதுவும் இதைக் கொல்லாது. கீழாநெல்லி, சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்று தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி ஊசி. எட்டு வாரத்துக்கு முன்னால் அந்த ஊசியைப் போடக் கூடாது, சின்னக் குஞ்சு தாங்காது. அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி மறுபடியும் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடல்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். மருந்து ஐஸில்தான் இருக்க வேண்டும். கலக்கிய மருந்தை வெயிலில் தூக்கிக்கொண்டு மத்தியானம் வரை தெருத்தெருவாக அலைந்தால் அது வெறும் தண்ணீர்தான். ஊசி போட ஆள் கிடைக்காத ஊருக்கென்று, தானியத்தோடு தின்னக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பருப்பருவாக வந்தால் அம்மை. கொசு பரப்புகிறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினால் புண் காயும், ஈ மொய்க்காது. கண் மூடிப்போய் இரை தெரியாமல்தான் பல கோழிகள் சாகின்றன. கண்ணைக் கழுவி, கையால் ஊட்டினால் போதும், நிறையப் பிழைக்கும். அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. முட்டை வராமல் முக்கிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி நிமிர்ந்து நிற்கிற பெட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்காரவைத்து ஆசனவாயில் எண்ணெய் தடவுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் கோழி தங்காது. சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் இப்படி வரும். நம் கடற்கரையில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்? இடித்துப் போடுங்கள், ஆனால் முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள். உப்பு விஷயத்தில் நான் பட்டது போதும்.

சீக்குக் கோழிக்கு வைத்தியத்தைவிடப் பராமரிப்புதான் பாதி. காற்று அடிக்காத மூலையில் கூடையில் சாக்கு விரித்து வையுங்கள். சோற்றையோ கேழ்வரகுக் கூழையோ மெலிதாகக் கரைத்துக் கொடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து மடமடவென்று ஊற்றுகிறார்களே, அதுதான் தப்பு. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேரே நெஞ்சுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே விழுங்கும். சாதாரணக் கழிச்சலில் வாடிய கோழிக்கு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து ஒரு நாள் கொடுக்கலாம். உப்பைத் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் இதைத் தொடாதீர்கள். சீக்குக் கோழியைக் கடைசியாகக் கவனித்துவிட்டுக் கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புதிதாக வாங்கிவந்த கோழியையும் இரண்டு வாரம் இப்படியே தனியே வையுங்கள்.

இரண்டாவது கோழியும் செத்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். புதிதாகச் செத்த கோழியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஐஸ் வைத்து, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கேயும் யோசனை கேட்கலாம். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண். கோழியோடு வாத்தும் காக்கையும் சேர்ந்து செத்து விழுந்தால் மட்டும் எதையும் தொடாதீர்கள், எங்கும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தகவல் மட்டும் சொல்லுங்கள். 2006-இல் மகாராஷ்டிரத்தில் நவாப்பூரில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் நம் நாட்டுக் கோழிகளில் வந்தது. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன; தூரதேசத்துப் பறவைகள் வந்து இறங்குகிற காலத்தில் அந்தப் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் கவனமாகவே இருக்க வேண்டும்.

அந்தக் குப்பத்து ஆயாவைப் போன தை மாதம் பார்த்தேன். பிழைத்த மூன்றிலிருந்து பெருகி இப்போது பதினாறு உருப்படி. கருவாட்டுத் தொட்டிக்கு மேல் பழைய வலையை இழுத்துக் கட்டியிருக்கிறார். "சார், மாசி பொறக்கச் சொல்ல ஊசி போட வருவாங்களாமே, சின்னக் குஞ்சுக்கும் போட்டுடலாமா?" என்று கேட்டார். பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சலுக்கு இருவார முகாம் நடத்துவது வழக்கம், அதைத்தான் சொல்கிறார். "குஞ்சுக்கு எத்தனை நாள் ஆச்சு ஆயா?" என்றேன். "ஒம்பது நாளு" என்றார். "அப்போ ஊசி வேணாம், கண்ணுல ஒரு சொட்டு போதும். பெருசுங்களுக்கு மட்டும் ஊசி. அன்னிக்குக் காலைல கூட்டைத் திறந்து விட்டுடாதீங்க, அப்புறம் சவுக்குத் தோப்புல தொரத்திப் புடிக்க ஆளு கெடைக்காது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.